பேப்பர் வரட்டும்

அக்காவுக்கு எலி என்றாலே ஆகாது. கிளியனூர்ப் பக்கம் அவர் வீட்டில் ஒரு எலி தலைகாட்டினால் போதும், துடைப்பக்கட்டையோடு துரத்தி அதை ஒருவழி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்டவர்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பகல் முழுக்க எலிகளுக்குத் தண்ணீர் வைத்து, தீனி போட்டு, படுக்கை மாற்றி, பிள்ளைத்தாய்ச்சி எலி கூடு கட்டிக்கொள்ளக் காகிதம் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சேர்ந்த புதிதில் இது எப்படி என்று கேட்டேன்.

"அது எலி மேடம். இது டூட்டி" என்றார்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கட்டடம். நான் விழுப்புரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து கம்பெனி வேனில் போவேன். மனிதர்களுக்கு வருகிற நோயை எலிக்கு வரவைத்து, மருந்து தேடுகிறவர்களுக்கு அந்த எலிகளைக் கொடுப்பது எங்கள் வேலை. சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இலையைத் தள்ளி வைப்பார்கள். அதனால் 'லேப்பில் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவர்களும் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை பார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள்.

அக்கா முன்பு ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பொரிந்த அன்றே குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து ஆண், பெண் என்று பிரித்துப் போடுகிற வேலை. ஒரு குஞ்சுக்கு ஒரு பார்வைக்கு மேல் செலவழிக்க முடியாது. அந்தக் கண்ணோடுதான் எங்களிடம் வந்தார். அந்தக் கண்ணைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும். அவருடைய ஊர், குடும்பம், வயதெல்லாம் எனக்கே பாதிதான் தெரியும்.

நாங்கள் எலி செய்கிற முறையை அக்கா தன் பாஷையில் வைத்திருந்தார். கருவுற்ற முட்டையை எடுத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதற்குள் ஒரு கலவையைச் செலுத்துவார்கள். அந்தக் கலவை நாங்கள் குறித்துக்கொடுத்த ஜீனைத் தேடிப் போய் வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தை முட்டை அவசர அவசரமாக ஒட்டிக்கொள்ளும்போது ஜீனில் ஒன்றிரண்டு எழுத்து விட்டுப்போகும், ஜீன் முடங்கிப்போகும். பிறகு அந்த முட்டையைச் சுமக்க வேறொரு பெண் எலி வேண்டும். தான் கர்ப்பம் என்று அதன் உடம்பு நம்பினால்தான் சுமக்கும். அதற்காகக் குடும்பக் கட்டுப்பாடு செய்த ஓர் ஆண் எலியோடு அதை முந்தின நாள் சேர்த்துவிடுவோம். அக்கா அந்த ஆண் எலியை 'மாப்ள' என்பார். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா, மாப்பிள்ளை இன்று சோர்வாக இருக்கிறாரே என்று விசாரணை நடக்கும். இந்த ஆபீசிலேயே நல்ல வேலை இவருக்குத்தான் என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

சுமக்கிற எலி வெள்ளை. முட்டை கொடுத்ததோ கருப்பு. வெள்ளைத் தாயின் மடியில் கருப்புக் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதை அக்கா வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார். அதற்குத் தன்னுடையது இல்லை என்று தெரியுமா தெரியாதா என்பது அவருக்குத் தீராத சந்தேகம். நான் தெரியாது என்றுதான் சொல்வேன். அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் அக்கா ஒவ்வொன்றின் காதிலும் ஓர் ஓட்டை போட்டு, அந்தத் துணுக்கை எனக்கு அனுப்புவார். எந்தக் குட்டிக்கு ஜீன் முடங்கியிருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்வது என் வேலை. எனக்கு எலி என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ ஒன்று. நான் பார்த்ததெல்லாம் டி.என்.ஏ.வை ஓடவிட்ட ஜெல்லில் தெரிகிற கோடுகள். இரண்டு கோடு, ஒரு கோடு, மேலே இருக்கிற கோடு, கீழே இருக்கிற கோடு. பேப்பரில் எழுதி உள்ளே அனுப்பினால் அக்கா அதைப் பார்த்து டப்பாக்களைப் பிரித்து வைப்பார். எலிக்கூண்டு என்று நாங்கள் சொல்வதை அவர் டப்பா என்பார்.

ஒருநாள் உள்ளே போயிருந்தபோது ஒரு டப்பாவின் விவரக் கார்டு கீழே விழ, அதை எடுத்துச் சொருகப் போனேன். கார்டுக்குப் பின்னால் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். ஏழு குட்டியில் மூன்றுக்குப் புள்ளி. என் ரிசல்ட் அன்று மாலைதான் வந்தது. அதே மூன்று. எனக்குச் சந்தேகம் வந்து பழைய கார்டுகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் மூக்குக் கண்ணாடியும் மெஷினும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பண்ணுகிற வேலையை இவர் பார்த்தே சொல்லியிருக்கிறார். பொறாமை என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு நடையில் தெரியும், எழுந்திருப்பதில் தெரியும் என்றார். பிறகு ஏன் முன்னாலேயே சொல்வதில்லை?

"பேப்பர் வரட்டும் மேடம். நான் யாரு சொல்றதுக்கு?"

அதுதான் அக்கா. முதலில் பார்ப்பார், கடைசியில்தான் வாயைத் திறப்பார். நான் வேண்டுமென்றே அவரைச் சீண்டுவேன். இந்தக் குட்டி எப்படி என்று கேட்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவுவார். பார்த்தது வாய் தவறி வந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

நான்காவது ரேக்கில் தசை நோய் எலிகள் இருந்தன. தசையைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு புரதத்தின் ஜீனை முடக்கிய எலிகள். எலிக்கு அந்த நோய் மனிதனுக்கு வருகிற அளவுக்குக் கடுமையாக வராது என்பதால், துணைக்கு நின்ற இன்னொரு ஜீனையும் முடக்கியிருந்தோம். தாய்க்கு ஒன்றும் இருக்காது. அது குறையைச் சுமக்கும், அவ்வளவுதான். ஆண் குட்டிகளில் பாதி சில வாரங்களில் பின்னங்காலை இழுக்க ஆரம்பிக்கும். 'ஆத்தா குத்துக்கல்லாட்டம் இருக்கா, புள்ள படுத்துக்குது' என்று அக்கா சொன்னபோது நான் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு வீட்டுக் குழந்தைகளை அழைத்துவரலாம் என்றார்கள். எலி அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். வெளியே வரவேற்பு ஹாலில் மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்துப் பொரி கடலை கொடுப்பார்கள். என் மகனுக்கு அப்போது நாலு வயது. தரையில் உட்கார்ந்து பொரியைச் சிதறடித்துக்கொண்டிருந்தான். அக்கா கிறிஸ்தவர், ஆனாலும் பொரி கட்டிக் கொடுக்கிற வேலை அவருடையதுதான். அவன் எழுந்தான். கையைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு கைகளை முட்டியில் வைத்து, தொடையில் வைத்து, தன் மேலேயே ஏறி வருவது மாதிரி நிமிர்ந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் எழுவான். எங்கள் வீட்டில் அதற்கு 'தாத்தா எழுந்திருக்கிறார்' என்று பெயர் வைத்துச் சிரிப்போம்.

"இன்னொரு தபா உக்காந்து எழுந்திரு கண்ணு" என்றார் அக்கா.

அவன் உட்கார்ந்து எழுந்தான். இன்னொரு தடவை என்றார். மூன்று தடவை எழ வைத்தார். அவனுக்கு விளையாட்டு, கெக்கெக்கே என்று சிரித்தான். அக்கா கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை முழுசாக அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் சம்பந்தமில்லாத கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தார். பிள்ளை மாடிப்படி ஏறுகிறானா, ஓடும்போது விழுகிறானா, குதிக்கிறானா. கெண்டைக்கால் நல்ல பெரிசாக இருக்கிறதே என்றார் ஒருநாள். அவன் அப்பா கபடி ஆடியவர், அந்த உடம்புவாகு என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவப் போனார். இன்னொரு நாள், சும்மாவேனும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்களேன் என்றார். எதற்கு என்றேன். சளி பிடித்த மாதிரி இருந்தது என்றார். சளி இல்லை என்று சொல்லிவிட்டு என் கோடுகளைப் பார்க்கப் போனேன். நான்காவது ரேக்கின் கோடுகளும் அதில் இருந்திருக்கும்.

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாக் குழந்தையும் ஓடி முடித்த பிறகு இவன் பாதி மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் டாக்டர், ரத்தம், சென்னை, இன்னொரு ரத்தம். கடைசியில் பேப்பர் வந்தது. அந்த ரிப்போர்ட்டை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நான்காவது ரேக்கில் நாங்கள் முடக்கிய அதே ஜீன்; எந்த இடத்தில் எவ்வளவு காணோம் என்று என்னால் சரளமாகப் படிக்க முடிந்தது. என் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவனிடம் காணாமல் போன துண்டு என்னிடம் இருக்கிற இரண்டு பிரதியில் ஒன்றிலும் காணோம். எனக்கு ஒன்றும் இல்லை. நான் ரயிலைப் பிடிக்க விழுப்புரம் ஸ்டேஷன் படிக்கட்டில் தினமும் ஓடுகிறவள்.

மறுநாள் நேராக அக்காவிடம் போனேன். கவுன் போட்டுக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, தூசியை ஊதித் தள்ளுகிற காற்று அறையில் நின்று எல்லாச் சடங்கும் முடித்துத்தான் உள்ளே போக முடியும். அவ்வளவு நேரமும் என் கோபம் ஆறவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும் மேடம்."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். எலிகள் சத்தத்துக்குப் பயப்படும், கத்தக் கூடாது என்பது அங்கே சட்டம். அக்கா கையிலிருந்த டப்பாவை மெதுவாக ரேக்கில் வைத்தார்.

"எலின்னா புள்ளி வெச்சிட்டு போயிடுவேன். புள்ளைக்கு எங்க போயி வெப்பேன்? நான் சொல்லி அது பொய்யாப் போனா நீங்க ரெண்டு வார்த்த திட்டுவீங்க, வாங்கிக்கலாம். நெசமாப் போயிட்டா? என் வாயாலதான வந்துதுன்னு ஆயிடும் மேடம்."

அந்த ஐந்து மாதத்தில் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. டாக்டரே அப்படித்தான் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது; ஜீனோடு சண்டை போட முடியாது. காதுத் துணுக்குகள் வரும், பேப்பர் போகும், அவ்வளவுதான். என் மேஜையில் மட்டும் அடிக்கடி வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் இருக்கும், பையனுக்கு என்று. நான் அதை ஒருமுறைகூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு மருந்துக் கம்பெனி எங்களிடம் வந்தது. தசை நோய்க்கு ஒரு புது ஊசி. எங்கள் நான்காவது ரேக் எலிகளில் சோதித்துத் தரவேண்டும். என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டு வாங்கினேன். அவருக்கு என் வீட்டு விஷயம் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எலிக்குப் பலித்த எத்தனையோ மருந்து மனிதனை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு மனப்பாடம். பலித்தாலும் ஒரு குழந்தையின் கையில் ஏற எத்தனை வருடம் ஆகும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன? ரயிலில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவேன்: அவனுக்கு எட்டு வயதுக்குள் வந்துவிட்டால், பத்து வயதுக்குள் வந்துவிட்டால்.

நோய் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று அளக்கிற எனக்குத் தெரியக் கூடாது. டப்பாவில் எழுத்து மட்டும் இருக்கும். வாரம் ஒருமுறை அக்கா எலிகளைப் புது டப்பாவில் மாற்றி என் அறைக்கு அனுப்புவார். நான் எடை போடுவேன். மேலே கட்டிய கம்பியில் தொங்கவிட்டு, கையை விடுகிற வரை நொடி எண்ணுவேன். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணும்போது விட்டுவிடாதே என்று அதனிடம் சொல்வேன்.

வித்தியாசமே வரவில்லை. அந்தக் கூட்டமும் இந்தக் கூட்டமும் ஒன்றுபோலத்தான் எடை போட்டன; தொங்கியதிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கடைசி வாரம் முடிந்தது. விதிப்படி எலிகளை முடித்து, தசையை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினோம். எழுத்தைப் பிரித்துப் பார்த்த இயக்குநர், மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரே வரியில் சொன்னார். நான் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன்.

வெளியே வந்தபோது அக்கா நின்றிருந்தார். வேலை நேரத்தில் எலி அறையை விட்டு அவர் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

"மருந்து வேல செய்யுது மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பேப்பர் வந்துவிட்டது அக்கா, இல்லை என்று வந்துவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"பேப்பரு தப்பு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். மருந்து போடாத குட்டிங்க கால இழுத்துக்கினு, மேல இருக்கற தீனிய அண்ணாந்து பாத்துக்கினே கெடந்துச்சுங்க. எட்டல. எனக்கு உங்க புள்ள நெனப்பாவே இருந்துது. தீனிய ஊற வெச்சி, மல்லாட்டய நுணுக்கிப் போட்டு, கீழயே வெச்சிட்டேன். மருந்து போட்டதுங்களுக்கு வெக்கல. அதுங்கதான் நல்லா ஏறித் தின்னுதுங்களே."

எங்கள் டப்பாவில் தீனி மேலே கம்பி மூடியில் இருக்கும். எலி எம்பித்தான் கொறிக்கவேண்டும். எழ முடியாத எலிக்கு ஈரத்தீனியைக் கீழே வைக்கலாம். ஆனால் எடை இவ்வளவு குறைந்தால்தான், அதுவும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுபோல, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான். அக்கா எதையும் எழுதவில்லை. என்னிடம் வருமுன் புது டப்பாவுக்கு மாற்றிவிடுவதால் எனக்கும் தெரியவில்லை. எது மருந்து எலி, எது இல்லை என்று கம்பெனிக்கே தெரியாதபடி மூடி வைத்திருந்ததை அவர் இரண்டாவது வாரமே பார்த்துப் பிரித்திருந்தார். கார்டுகளைத் திருப்பினேன். பென்சில் புள்ளிகள் இருந்தன. இயக்குநரின் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாவம் பார்த்து ஊட்டியதில் நோயாளி எலிகள் தேறி நின்றன. மருந்து போட்ட எலிகளோடு சமமாகிவிட்டன. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு வித்தியாசம் இருந்தது, எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் என் மகனுக்காக அழுதுகொண்டிருந்தார். நான் ஓர் எண்ணுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவரிடம் எண் இல்லை. நல்லா ஏறிச்சுங்க மேடம், நல்லா ஏறிச்சுங்க என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இயக்குநரிடம் நான் சொல்லவேண்டாம், தானே சொல்கிறேன் என்று அக்கா போனார். நடந்ததை அறிக்கையாக எழுதவேண்டியது என் பொறுப்பு. எழுதினேன். அவரைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வரியாவது எழுதலாம் என்று பார்த்தேன். எப்படி எழுதினாலும் உண்மை அவருக்கு எதிராகத்தான் வந்து நின்றது. இந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்யவேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினோம். தசையைப் பார்த்ததிலும் தெளிவாக ஒன்றும் இல்லை, வேறு மருந்தைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. மருந்து பலித்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அக்காவின் கண். அதை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது மாப்பிள்ளைக்குத் தண்ணீர் மாற்றவேண்டும் என்று புதிதாக வந்த பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் சென்னையில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்போது, அவன் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றதால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். விழுப்புரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் யாரோ மேடம் என்று கூப்பிட்டார்கள். அக்கா. மறுபடி குஞ்சுப் பண்ணைக்கே போகிறாராம். அவனுக்கு ஞாபகம் இல்லை. கால் வலிக்கிறது என்று அவன் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தான். அக்கா குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டார், பையிலிருந்து மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார், எந்த வகுப்பு என்று கேட்டார். முகத்தை மட்டுமே பார்த்தார். கழுத்துக்குக் கீழே அவர் பார்வை ஒருமுறைகூட இறங்கவில்லை.

பஸ் வந்தது. எழுந்திரு கண்ணா என்றேன். அக்கா சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு வெட்கம் போய்விட்டது. டாக்டர்கள் சொல்லாததை எல்லாம் இவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். இன்னும் எவ்வளவு காலம் நடப்பான் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். ஒருமுறை பாருங்கள் அக்கா, சொல்லவேண்டாம், பார்த்தால் போதும், உங்கள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன் என்றேன்.

"வேணாம்மா. பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

மேடம் போய் அம்மா ஆகியிருந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் கையைத் தரையில் ஊன்றினான். நான் பிடித்துத் தூக்கினால் அவனுக்குக் கோபம் வரும், தானேதான் எழவேண்டும். எலிகளோடு வந்த பழக்கம், மனசு தானாக நொடி எண்ண ஆரம்பித்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். கை முட்டிக்கு வந்தது. பதினொன்று, பன்னிரண்டு. தொடைக்கு வந்தது. அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவன் நிமிர்ந்து மூச்சு வாங்கினான். ஏதோ ஒளிந்து பிடிக்கிற ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

"எழுந்துட்டேன்மா. அவங்கள திரும்பச் சொல்லு."